அறுபத்து நான்கு யன்னல்கள்

அந்த மனிதரின் வாயில் நான் அதிகம் கேட்ட வசனம் "அது என்ட பிழை" என்பதுதான். ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அதில் ஐந்தாறு தடவை உண்மையாகவே அவருடைய பிழையாக இருந்திருக்கும். மிச்சமெல்லாம் மற்றவர்களிடமிருந்து வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டது.

பொய்ப்பல் கட்டுவது அவர் தொழில். மட்டக்களப்பில், புளியந்தீவில் ஒரு தனியார் பல் வைத்தியசாலை. கீழே வைத்தியர், மேல்மாடியின் பின்பக்கத்தில் இவருடைய வேலையறை. மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒடுக்கமான இடத்தில் நான் போன் திருத்தும் கடை வைத்திருந்தேன். எழும்பினால் தலை படியில் இடிக்கும், அதனால் நாள் முழுக்க இருந்தபடியே வேலை. கொழும்புப் பக்கத்தில் சுதந்திர வர்த்தக வலயத்துத் தொழிற்சாலை ஒன்றில் நாலு வருடம் பூதக்கண்ணாடியின் கீழே ஈயம் பற்றவைத்துப் பழகிய கை எனக்கு. வாயும் கொஞ்சம் நீளம். என் வாய்க்குப் பயந்து வராமல் விட்டவர்கள் உண்டு. கை சரியில்லை என்று வராமல் விட்டவர் அதுவரை ஒருவரும் இருக்கவில்லை.

எல்லோருக்கும் அவர் அங்கிள். போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர். வீட்டில் மனைவியோடு தங்கள் பாஷை கதைப்பார், வெளியே எங்களைப் போல மட்டக்களப்புத் தமிழ்தான். அறுபதைத் தாண்டிய வயது, நெடிய உருவம், மேசையில் குனிந்து குனிந்து வளைந்துபோன முதுகு. பல் மெழுகின் ரோசா நிறம் அவர் நக இடுக்கில் எப்போதும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும்போதும் இருக்கும்.

பல் இல்லாத முரசு, அதுதான் ஈறு, வருடத்துக்கு வருடம் தேயும். அதற்கு ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. இறுக்கமாக இருந்த பல் செட் இரண்டு மூன்று வருடத்தில் கழன்று விழத் தொடங்கும். வைத்தியர் அதை நேராகவே சொல்லிவிடுவார், "உங்கட முரசு தேஞ்சிட்டு, வயசு போகுதுதானே" என்று. கேட்டவருடைய முகம் செத்துப்போகும். திருத்த வேலைக்காக மேலே வரும்போது அங்கிள் அந்த செட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அளவு பிழையா எடுத்திட்டன். என்ட பிழை" என்பார்.

மாங்கேணியிலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருவர் வருவார். பஸ்ஸில் வந்து சேரவே அரை நாள் போய்விடும். ஒருநாள் அவர் படியில் இறங்கும்போதே சத்தம் எனக்குக் கேட்டது.

"போன வருசமும் அளவு பிழை எண்டுதானே சொன்னீங்க?"

"ஓம் அம்மா, போன வருசமும் பிழைதான்."

"அப்ப என்னத்தத்தான் நீங்க சரியாச் செய்வீங்க? உங்களப் பல்லுக்கட்ட ஆர் விட்டது?"

வெறும் வாயால் சிரித்துச் சிரித்து அவரைப் பகிடி பண்ணிக்கொண்டே அந்த அம்மா போனார். அங்கிள் கடை வாசலில் நின்று கையைக் காட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் அங்கிள் வீணாப் பொய் சொல்றீங்க? முரசு தேயுறது உலகத்துக்கே தெரிஞ்ச விசயம்."

"உலகத்துக்குத் தெரிஞ்சா காணும் மகள். அவவுக்கு இண்டைக்குத் தெரியத் தேவையில்ல. அவ இன்னும் பஸ்ஸில வீட்ட போகோணும்."

இதனால் வைத்தியருக்கும் அவருக்கும் அடிக்கடி முறுகல். "எல்லாம் உங்கட பிழையெண்டு சொல்லிச் சொல்லி என்ட இடத்தின்ட பேரக் கெடுக்காதீங்க" என்று வைத்தியர் கத்துவது கீழே வரை கேட்கும். அங்கிள் அதற்கும் பிழை கேட்டுக்கொண்டு வருவார். இப்படியும் ஒரு மனிதனா என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். என்னிடம் யாராவது என் வேலையில் பிழை என்று சொல்லிவிட்டுத் தப்பிப் போக முடியாது.

அவருடைய மனைவியை நான் ஆன்ட்டி என்பேன். கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வேற்றுக் கிரகக் கதைகளில் பைத்தியம். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த அவர்களுடைய சின்ன வீட்டில் சட்டி பானை அடுக்கும் தட்டில்கூட விண்வெளிப் புத்தகங்கள் இருந்தன. பிள்ளைகள் இல்லை. அவுஸ்திரேலியாவில் இருக்கும் அங்கிளின் அக்கா மகன் ஆன்ட்டியின் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய பெட்டி அனுப்பினான். உள்ளே ஒரு விண்கப்பல், நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகளாக. பொருத்தினால் ஒரு பாய்த் தலையணை நீளம் வரும். பெட்டியின் மேல் இருந்த படத்தில் யன்னல்களிலெல்லாம் வெளிச்சம் எரிந்தது. துண்டுகளில் வெறும் குழிகள்தான் இருந்தன.

"ஆக்கள் இருக்கிற கப்பல் இப்பிடியா இருட்டாக் கிடக்கும்?" என்றாராம் ஆன்ட்டி.

அந்தக் காலத்தில் சீனி வருத்தம் ஆன்ட்டியின் கண்ணில் இறங்கியிருந்தது. ஒரு கண் முக்கால்வாசி போய்விட்டது. மற்றக் கண்ணுக்கு ஊசியும் லேசரும் நடந்துகொண்டிருந்தன. அங்கிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்து மேசையில் இருந்த போன்களை ஒதுக்கிவிட்டு வைத்தார்.

"அவவுக்குக் கண் தெரியிற காலத்துக்குள்ள இத எரிய வைக்கோணும் மகள். எனக்கு வயர் வேலை ஒரு துண்டும் விளங்காது. நீ செய்வியா?"

அப்படித் தொடங்கியது. யன்னல் குழிகளை அவர் பல் துளைக்கும் மெல்லிய ஊசியால் ஓட்டையாக்கினார். மொத்தம் அறுபத்து நான்கு. ஓட்டைகளைக் கண்ணாடிபோல இறுகும் பிசினால் நிரப்பினார். உடைந்த போன் திரைகளின் பின்னால் இருக்கும் கடுகளவு விளக்குகளை நான் பிடுங்கிச் சேர்த்தேன். பழைய ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்றை உரித்து, தலைமயிரைவிடக் கொஞ்சம் தடித்த கம்பி எடுத்தேன்.

முதல் தடவை மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது யன்னல் எது சுவர் எது என்று தெரியவில்லை. பிளாஸ்டிக் ஊடாக வெளிச்சம் கசிந்து கப்பல் முழுவதும் வெசாக் பண்டிகைக் காகிதக் கூடு மாதிரி எரிந்தது. "என்ட பிழை" என்று அங்கிள் உடனே சொன்னார். அந்தத் தடவை அது உண்மை. பிறகு உட்சுவரெல்லாம் கறுப்பு மை பூசி, காய்ந்த பின் அதன் மேல் வெள்ளை பூசினார். கறுப்பு வெளிச்சத்தை வெளியே விடாது, வெள்ளை உள்ளே பரப்பும். சுவர் இருண்டு யன்னல் மட்டும் எரிந்தபோது எனக்கே மேல் சிலிர்த்தது. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன்.

ஆன்ட்டி வீட்டிலிருந்து கட்டளைகள் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு யன்னலுக்கும் ஒரு அறை, ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஆள். முன்னுக்குத் தலைவரின் அறை, வெள்ளை வெளிச்சம். நடுவில் சமைக்கும் குசினி, மஞ்சள். செடி வளர்க்கும் அறை பச்சை. பிள்ளைகளின் வகுப்பறை ஒன்று. வாலில் வேலையாட்கள் படுக்கும் சின்ன அறைகள், அங்கே மங்கலாக இருக்க வேண்டுமாம், களைத்தவர்கள் கண்ணில் குத்தக்கூடாதாம். எல்லா விளக்கையும் ஒன்றாகக் கோத்துவிடலாம் என்று நான் சொன்னபோது அதற்கும் மறுப்பு வந்தது. ஒருத்தருடைய அறையில் விளக்குப் போனால் பக்கத்து அறைக்காரர் எதற்காக இருட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டாராம்.

அதனால் அறுபத்து நான்கு யன்னலுக்கும் தனித்தனிக் கம்பி. எல்லாம் கப்பலைத் தாங்கும் காலுக்குள்ளால் இறங்கி, கீழே இருந்த மரப்பெட்டிக்குள் ஒரு பலகையில் வந்து முடியும். அங்கே அறுபத்து நான்கு ஈயப்பொட்டுகள், பக்கத்தில் இலக்கங்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன், ஆனால் என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சுத்தமான வேலை அதுதான். அந்தப் பொட்டுகளில் ஒன்றுகூட இன்றுவரை தானாக விட்டதில்லை. இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குப் பல நாள் ஆசை.

நாடு முழுக்க மணித்தியாலக் கணக்கில் மின்வெட்டு நடந்த வருடம் அது. பொழுதுபடும் நேரம் மின்சாரம் போனதும் போன் சார்ஜ் போடும் பவர் பாங்க் ஒன்றில் கப்பலைக் கொழுவினோம். ஆன்ட்டி கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, சுட்டுவிரலால் காற்றில் தொட்டுத் தொட்டு எண்ணினார். அறைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி எண்ணினார். அறுபத்து நான்கு வந்ததும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இந்த அறுவத்தி நாலும் தெரியிற வரைக்கும் நான் குருடி இல்ல, விளங்கிச்சா?" என்று அங்கிளிடம் சொன்னார்.

பகிடியாகச் சொன்னதுதான். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் எண்ணத் தொடங்கிவிட்டார். கண் வைத்தியர் எழுதிக் கொடுக்கும் இலக்கங்களை அவர் நம்பவில்லை. கப்பலின் இலக்கத்தை நம்பினார்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒருநாள் காலை நான் கடை திறந்ததும் அங்கிள் வந்தார். ஆட்டோவில் கப்பலைத் துவாயால் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அரைக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"நேத்து அம்பத்தெட்டுத்தான் எண்ணினா" என்றார்.

நான் பதறி மரப்பெட்டியைத் திறந்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். அறுபத்து நான்கும் எரிந்தன.

"கப்பல்ல ஒண்டும் இல்ல மகள். வாலில இருக்கிற ஆறு மங்கல் லைட்டும் அவவுக்குத் தெரியல்ல. எண்ணி முடிச்சிட்டு, கைய மடியில வச்சிக்கொண்டு, 'அப்ப துவங்கிட்டு' எண்டு சொன்னா. மறுகா சாப்பிடல்ல, பறையல்ல. எனக்கு ஒண்ணாமப் போயிட்டு. அந்த ஆறு லைட்டும் பழுதாப் போயிட்டு எண்டு சொல்லிட்டன்."

"பழுதாகல்லையே!"

"அதாலதான் வந்தன். கோயில் ஆக்கள் வீட்ட வாறவங்க. ஆராவது பாத்திட்டு எல்லாம் எரியுது எண்டு சொல்லிப்போடுவாங்க. அந்த ஆறையும் கழட்டி விடு."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை என்று தெரிந்தது.

"பழுதெண்டா ஆர்ட பிழை எண்டு கேப்பா. என்ட பிழை எண்டா நம்பமாட்டா, எனக்கு வயர் வேலை தெரியாது எண்டு அவவுக்குத் தெரியும். உன்ட பிழையெண்டு சொல்லட்டா மகள்?"

அவர் வேறு என்ன கேட்டிருந்தாலும் செய்திருப்பேன். என் வாய் கூடாது என்று சொல்லுங்கள், நான் ஏமாற்றுக்காரி என்றுகூடச் சொல்லுங்கள், என் ஈயத்தில் கை வைக்காதீர்கள் என்று கத்தினேன். அவர் வற்புறுத்தவில்லை. துவாயை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கண் கிளினிக்குக்குக் கொண்டு போங்க அங்கிள், இப்பிடிப் பொய் சொல்லிக்கொண்டு இருந்தா கண் சுகமாகுமா?"

"ஒரு நாளும் தவறாமக் கொண்டு போறன். டொக்டர் சொல்லிட்டார், போனது வராது, இருக்கிறத எவ்வளவு நாளைக்கு வச்சிருக்க ஏலுமோ பாப்பம் எண்டு. மருந்து எல்லாம் அதுபாட்டில நடக்குது. அவ சாப்பிடோணும். நாளைக்கும் எழும்பி இருக்கோணும். நான் கேக்கிறது அவ்வளவுதான்."

அவர் மேலே வேலைக்குப் போய்விட்டார். பத்து மணிவரை கப்பலைப் பார்க்காமல் போன்களோடு மல்லுக்கட்டினேன். பிறகு ஈயக்கோலைச் சூடாக்கினேன். ஒரு பொட்டை வைக்க எவ்வளவு பக்குவம் தேவையோ அதில் நூறில் ஒரு பங்குகூட எடுக்கத் தேவையில்லை. தொட்டதும் விட்டது. ஆறாவது பொட்டை எடுக்கும்போது என் கண் நிறைந்துவிட்டது. கோபத்தில்தான் என்று அப்போது நினைத்தேன்.

அந்தக் கிழமையே ஆன்ட்டி என்னை வரச்சொன்னார். ஏன் திருத்த முடியாது என்று என் வாயால் கேட்க வேண்டுமாம். போனேன். விளக்கு கருகிவிட்டது, கப்பலின் உடம்பைப் பிளக்காமல் மாற்ற முடியாது என்றேன். அங்கிள் என்னை ஏச வேண்டிய இடம் அது. நாங்கள் முதலே பேசிக்கொண்டதுதான். ஆனால் அவருக்கு ஏசத் தெரியாது. தொண்டையைச் செருமினார், அங்குமிங்கும் பார்த்தார். பிறகு ஒரேயடியாகப் பெலத்துக் கத்தினார்.

"வேலை தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லோணும்! வேலை தெரிஞ்சவ மாதிரி நடிக்கப்படாது!"

பொய் என்று தெரிந்தும் என் முகம் எரிந்தது. ஆன்ட்டி திடுக்கிட்டுத் திரும்பினார். "என்ன மனிசன் நீங்க, அந்தப் புள்ளைய இப்பிடி ஏசுறீங்க?" என்றார். அன்று ஆன்ட்டி எனக்காகப் பரிந்து பேசிக்கொண்டே இரண்டு கோப்பை தேத்தண்ணியும் குடித்தார், இடியப்பமும் சாப்பிட்டார். மறுநாள் காலை அங்கிள் என் கடைக்கு வந்து பேக்கரியில் வாங்கிய பணிஸ் ஒரு பை வைத்துவிட்டு மேலே போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏச்சுக்கும் மறுநாள் பணிஸ் வரும்.

மாதத்தில் ஒரு தடவை, சில மாதத்தில் இரண்டு தடவை கப்பல் கடைக்கு வந்தது. அங்கிள் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு வருவார். ஆன்ட்டி எண்ணும்போது எந்தப் பெயர்களைச் சொல்லாமல் விட்டார் என்று பக்கத்தில் இருந்து கவனித்து எழுதியது. அவர் வாசிக்க வாசிக்க நான் கழற்றுவேன். ஒருமுறை வாசிப்பு நடுவில் நின்றுவிட்டது. கடதாசியை என்னிடம் நீட்டினார். பிள்ளைகளின் வகுப்பறை என்று எழுதியிருந்தது. அன்று அவர் எனக்கு முன்னால் இருந்து அழுதார், நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

ஒரேயொரு தடவை கப்பல் மற்றப் பக்கமாகத் திரும்பியது. ஊசி போட்டு இரண்டு கிழமையில் ஆன்ட்டிக்கு வீட்டு முற்றத்துக் கொடியில் காயும் துணியின் நிறம் தெரிந்ததாம். அங்கிள் கப்பலைத் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடி வந்தார். "மகள், நாலு லைட்டப் போடு, நல்ல வெளிச்சமான நாலு! ஒரு பக்கம் பிளந்து திருத்தியாச்சு எண்டு சொல்லுவம்." போட்டேன். அன்று பின்னேரம் ஆன்ட்டி நாலையும் கண்டு எண்ணினார். என்னைத் தொலைபேசியில் எடுத்து, "நீ கெட்டிக்காரி புள்ள, மனம் வச்சாச் செய்வாய்" என்றார். ஒன்றரை மாதத்தில் அந்த நாலையும் திரும்பக் கழற்றினேன்.

என் பெயர் கெட்டுக்கொண்டிருந்தது. ஆன்ட்டி பொல்லாதவர் இல்லை, கோயிலில் யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்வார், "நல்ல புள்ளதான், ஆனா வேலை நிக்காது" என்று. ஒரு டீச்சர் திருத்தக் கொடுத்த போனை அரைவாசியில் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். நான் மாடியேறிப் போய் அங்கிளோடு சண்டை பிடித்தேன். அடுத்த கிழமை முழுக்கப் பல் கட்ட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கீழே வந்து, கன்னத்தைப் பொத்திப் பிடித்தபடி, பழுதாகாத போன்களையெல்லாம் என்னிடம் நீட்டினார்கள். மட்டக்களப்பிலேயே கைகாரி நான்தான் என்று மேலே ஒருவர் சொல்லியனுப்பினாராம். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆன்ட்டிக்கு ஒருநாள் உண்மை தெரிஞ்சா?" என்று அவரிடம் கேட்டிருக்கிறேன்.

"தெரிஞ்சா என்ன ஏசட்டும். அதுக்கு நான் பயமில்ல. உன்ன ஏசுறதுதான் எனக்கு ஒண்ணாமக் கிடக்கு. நாப்பது வருசத்தில அவவுக்கு முன்னால நான் ஒருத்தரையும் ஏசினதில்ல. இப்ப அவ என்னப் பாக்கிற பார்வை வேற மகள்."

கண் தெரியாதவரின் பார்வையைப் பற்றிச் சொல்கிறார் என்பது அப்போது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

ஒன்பது யன்னல்கள் மிச்சம் இருந்தபோது அங்கிள் போய்விட்டார். காலையில் வேலை மேசையிலேயே, நெஞ்சு வலி. மேலேயிருந்து வைத்தியர் கூப்பிட்ட சத்தத்துக்கு நான்தான் முதலில் ஓடினேன். அவருடைய கையில் யாருடையதோ மேல் வரிசைப் பல் இருந்தது. அடக்கத்தன்று ஆன்ட்டி என் குரலை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஆன்ட்டி கூப்பிட்டனுப்பினார். துணைக்கு வந்திருந்த பெறாமகள், ஆன்ட்டியின் தங்கச்சி மகள், கதவைத் திறந்தாள். கப்பல் மேசையில் பழைய இடத்திலேயே இருந்தது. ஆன்ட்டிக்கு இப்போது பகலா இருட்டா என்பது மட்டும்தான் தெரியும்.

"எத்தின எரியுது புள்ள?"

"ஒம்பது, ஆன்ட்டி."

"எனக்கினி என்ன. வாற போற ஆக்களாவது பாக்கட்டும். அவர் இரவு பகலா ஓட்டை போட்டவர், வீணாப் போகப்படாது. கப்பலப் பிளந்தாலும் பரவாயில்ல, உன்னால ஏலுமா?"

ஈயக்கோலை எடுத்தேன். ஐம்பத்தைந்து கம்பிகளும் மரப்பெட்டிக்குள் நான் விட்ட இடத்திலேயே, இலக்கத்தோடு, ஒழுங்காகக் காத்திருந்தன. இவ்வளவு நாள் கழற்றிக் கழற்றிப் புண்பட்டுப் போயிருந்த கைக்கு அன்றுதான் வேலை கிடைத்தது. மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். ஒவ்வொரு பொட்டும் வட்டமாக, பளிச்சென்று விழுந்தது. இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

"முடிஞ்சுது ஆன்ட்டி. அறுவத்தி நாலும் எரியுது."

பெறாமகள் "ஐயோ என்ன வடிவு" என்றாள். ஆன்ட்டி அசையவில்லை.

"எல்லாமா? இவ்வளவு கெதியாவா? கப்பலப் பிளக்கவும் இல்லையே?"

என் மடத்தனம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் கையின் பெருமையைக் காட்டப் போய், அவர் ஒன்றரை வருடம் கட்டிக் காத்ததை இரண்டு மணித்தியாலத்தில் உடைத்துவிட்டேன். ஆன்ட்டி விஷயத்தைப் பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் பிடித்தது வேறு.

"அப்ப உன்ட வேலையில பிழை இருக்கல்ல. லேசாத் திருத்தியிருக்கலாம். அவர் உனக்கு அதுக்கு இடம் குடுக்காம வீணா ஏசியிருக்கார்." அவர் மேசை விளிம்பைத் தடவினார். "நாப்பது வருசம் ஒருத்தரிலயும் பிழை சொல்லாத மனிசன் புள்ள. கடைசிக் காலத்தில ஏன் அப்பிடி மாறினாரெண்டு எனக்கு விளங்கல்ல. என்ட கண்ணாலதான் அவருக்கு வெறுத்துப் போயிட்டோ எண்டு யோசிச்சு யோசிச்சு நான் படுறதில்ல. அவருக்காக நான் உன்னட்ட மன்னிப்புக் கேக்கிறன்."

உண்மை என் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அவர் ஏசியது பொய் என்று தெரியும். கூடவே, ஆன்ட்டி பின்னேரம் பின்னேரமாக எண்ணிய எண்ணிக்கையெல்லாம் பொய் என்றும் தெரியும். சொல்லாவிட்டால் அந்த மனிதர், நான் கண்ட மனிதர்களிலேயே ஒருவருக்கும் நோகாமல் வாழ்ந்த மனிதர், மனைவியின் மனதில் அநியாயக்காரராகவே இருந்துவிடுவார். எனக்கு அவர்மேல் இருந்த பாசம் அந்த இடத்தில்தான் முழுதாக எனக்கே தெரிந்தது.

"இல்ல ஆன்ட்டி" என்றேன். "அப்ப நான் பாவிச்ச ஈயப் பசை மலிவானது. வேலை முடிஞ்சதும் கழுவித் துடைச்சிருக்கோணும், அலுப்புப் பஞ்சியில விட்டுட்டன். வாவிக் காத்தில உப்புத்தானே, பத்தவச்ச இடமெல்லாம் அரிச்சுப்போட்டு. எங்க பிழையெண்டு எனக்கு அப்ப பிடிபடல்ல, லைட் கருகிட்டு எண்டு நினைச்சிட்டன். அவர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர், வடிவாப் பார் எண்டு. நான்தான் கேக்கல்ல."

"உண்மையாவா?"

"ஓம் ஆன்ட்டி. அவர் ஏசினது நியாயம்."

ஆன்ட்டி பெரிய மூச்சொன்று விட்டுக் கதிரையில் சாய்ந்தார். எத்தனையோ மாதமாகச் சுருங்கியிருந்த முகம் என் கண்ணுக்கு முன்னாலேயே இளகியது.

"அதானே" என்றார். "அவர் வீணா ஒருத்தரையும் ஏச மாட்டார். எனக்குத் தெரியும்." பிறகு கையை நீட்டித் தடவி என் தோளைக் கண்டுபிடித்துத் தட்டினார். "இனியாவது வேலையப் பொறுப்பாச் செய் புள்ள, என்ன?"

"ஓம் ஆன்ட்டி" என்றேன்.